தேத்தண்ணி வேண்டாம் என்றவள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டுத் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொன்னால், அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். வயிறு சரியில்லை என்றாலும் வாங்கி ஒரு மடக்காவது குடித்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒருத்தி, எங்கள் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள், டிவி நிகழ்ச்சியில் நீட்டிய கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நான் தேத்தண்ணி குடிக்க மாட்டேன். எங்க பொம்பளைங்க உசுரு இதுல கரைஞ்சு கெடக்கு" என்றாள்.

அவள் பெரிய பாடகி. மேடையில் செருப்புப் போட மாட்டாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைப் பட்டுப்பாவாடைக்கு மேல் கட்டிக்கொண்டு பாடுவாள். பேட்டிக்கு நாற்காலி போட்டால் தரையில் உட்கார்ந்துவிடுவாள்; கேள்வி கேட்க வந்தவரும் வேறு வழியில்லாமல் சப்பணம் போட வேண்டும். அதுவரைக்கும் எங்களுக்கு அவளால் பெருமைதான்.

தேத்தண்ணிப் பேச்சுக்குப் பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு. கொழும்பில் கை தட்டினார்கள். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் போனைப் பார்த்து, "எல்லாம் விளம்பரம்" என்று சிரித்தார். எங்கள் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து சேர், "அந்தப் பிள்ளை சொன்னதில என்ன பிழை?" என்று கேட்டதால் ஆசிரியர் அறையில் தனித்துப் போனார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கொதித்தார்கள்.

"நம்ம சோறே தேயிலதான். அத வேணாங்கிறவ நம்மளயும் வேணாங்கிறா."

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. அந்தப் பெண்களைவிட நான்தான் அதிகம் பேசினேன். கொழும்பில் எவனோ சொல்லிக் கொடுத்ததை இவள் ஒப்பிக்கிறாள் என்று லயத்தில் ஒரு வீடு விடாமல், காம்பிரா காம்பிராவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவளுடைய அம்மா எங்கள் பக்கத்துக் காம்பிரா. எனக்குச் சின்னம்மா முறை. இன்னும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறார். வேலை விட்டு வரும் பெண்கள் அவர் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது வழக்கம். இப்போது அந்த வாசலைக் கடக்கும்போது நடையைக் கூட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சின்னம்மாவின் புது வீடு கட்டி முடிந்து, பால் காய்ச்ச நாள் குறித்திருந்தது. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அழைத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள், யாரும் போவதாக இல்லை. லயத்து ஆட்கள் மிதிக்காத வீட்டில் இந்த மனுஷி எப்படிக் குடியிருப்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயந்தரம் மகள் வந்து இறங்கினாள். நியாயம் கேட்கப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து கரட் சீவிக்கொண்டிருந்தாள். சின்னம்மா எனக்கு ஒரு டம்ளர் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தனக்கொரு டம்ளரோடு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒங்கம்மா குடிக்கிறாங்கள்ல? அவங்கள விடப் பெரிய ஆளா நீ?" என்றேன்.

"திட்டுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். தலை நிமிரவில்லை.

சின்னம்மா மகளைப் பார்த்தார். பிறகு தன் டம்ளரை என் பக்கம் நீட்டினார். உள்ளே வெறும் சுடுதண்ணி.

"நான் குடிக்கிறதில்ல. மூத்தது வயித்துல இருக்கப்ப, மழையில, மலையிலயே கலைஞ்சு போச்சு. அன்னைக்கி நான் எடுத்த கொழுந்து மட்டும் தேயில ஸ்டோருக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் இது தொண்டையில எறங்கல."

சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவள் நான். ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தவரின் டம்ளரில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒன்ன யாரு பேசப் போறா?" என்று அவளிடம் கேட்டேன்.

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்கக்கா."

"இனிமே என்ன. லயத்துல நீயே சொல்லிரு" என்றார் சின்னம்மா என்னிடம். "எனக்கு வாய் வராது."

எனக்கு வரும். அவளைப் பற்றித் தாறுமாறாகப் பேசிய அதே வாயோடு அத்தனை காம்பிராவுக்கும் போனேன். தப்பு என்னுடையது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நிறுவையில் அதிகம் கொதித்த பெண் மட்டும், "அவங்களுக்கு மட்டுமா அப்பிடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னாலேயே, புது வீட்டு வாசலில் செருப்புக் கழற்ற இடமில்லை. பால் பொங்கியது. கதவைச் சாத்தியவள்தான் முதல் ஆளாகக் குலவை போட்டாள். தேத்தண்ணி ஊற்ற நான் அடுப்படிக்குப் போனேன். பாடகி வேண்டாம் என்று தலையசைத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

சின்னம்மா வழக்கம்போல எழுந்து தேத்தண்ணித் தட்டைத் தூக்க வந்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஒங்களுக்கு என்ன வேணும் சின்னம்மா?"

மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தெரியலயே" என்றார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."