இரண்டு ரப்பர் பேண்ட்

என் அக்காவுக்கு வேலையே உடைப்பதுதான். பல்கலைக்கழகத்தின் உலோகச் சோதனைக் கூடத்தில் அவள் டெக்னீஷியன். விரல் நீளத் துண்டு ஒன்றை இயந்திரத்தில் மாட்டுவாள். இயந்திரம் அதை விநாடிக்குப் பத்து முறை இழுத்து இழுத்து விடும். எத்தனையாவது இழுப்பில் உடைகிறது என்று குறித்துக்கொள்வாள். வீட்டில் அவள் ஒரு டம்ளரைக்கூட உடைத்ததில்லை. அந்தப் பெருமை எனக்குத்தான்.

பதினாறு வருடமாக இதே வேலை. ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குத் துண்டு மாட்டக் கற்றுக்கொடுப்பாள். அவர்கள் டாக்டர் பட்டத்தோடு கிளம்பிப் போவார்கள். பார்க்கிற எனக்கே வயிறு எரியும். அவளுக்கும் எரிந்திருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் மாலை வகுப்பில் சேர்ந்து எம்.டெக். முடித்துவிட்டாள். பிறகு தினமும் ஆராய்ச்சி இடங்களுக்கான அறிவிப்புகளைத் தேடினாள். எலும்பு முறிவுக்கு வைக்கிற தகடு பற்றி ஒன்று வந்தது, காற்றாலை இறக்கை பற்றி ஒன்று. இரண்டிலும் வயது முப்பத்தைந்துக்குள். அக்காவுக்கு நாற்பத்திரண்டு.

மூன்றாவது அறிவிப்பு அவளுடைய கூடத்துப் பேராசிரியையிடமிருந்தே வந்தது. உலோகத் தூளை உருக்கி அடுக்கடுக்காக அச்சடித்துச் செய்கிற பாகங்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்ற ஆராய்ச்சி. வயது வரம்பு இல்லை. ஒரே ஓர் இடம். நேர்காணல் வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா தன் பிஸ்கட் டப்பாக்களைத் திறந்து உட்கார்ந்தாள். உடைந்த துண்டுகளை எறிந்துவிடுவதுதான் கூடத்தின் வழக்கம். இவளுக்கு மனசு வராது. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். பழைய இரும்புக் கடை வைக்கலாம் என்று நான் கேலி செய்வதுண்டு. அன்று லென்ஸை வைத்துப் பார்த்தவள் சில துண்டுகளைத் தனியாக எடுத்து வரிசையாக அடுக்கினாள்.

அச்சடித்த துண்டுகள் ஒன்பது. ஒன்பதிலும் விரிசல் ஒரே இடத்தில் தொடங்கியிருந்தது. துண்டு எவ்வளவு நீளுகிறது என்று அளக்க ஒரு கிளிப்பை ரப்பர் பேண்ட் போட்டுப் பிடிக்கவைப்பார்கள். அந்தக் கிளிப்பின் கூர்முனை படுகிற இடம் அது. ஒரு ரப்பர் பேண்டே போதும். நழுவிவிடக் கூடாதென்று இரண்டு போட்டது அக்காதான். அழுத்தத்தில் முனை கீறி, கீறலே விரிசலாகியிருக்கிறது.

“உலோகத்து மேல குத்தம் இல்லடி. என் மேலதான்,” என்றாள். “இது சீக்கிரம் உடையுதுன்னு மேடம் கட்டுரையே எழுதிட்டாங்க. திங்கக்கிழமை அனுப்பப் போறாங்க.”

“இடம் கைக்கு வந்ததும் சொல்லிக்கலாம். இப்ப வாயத் திறந்து காரியத்தக் கெடுத்துக்காத,” என்றேன்.

அத்தானும் என் கட்சிதான். அவள் இருவரையும் முறைத்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு ஒரு வாய் சோறு உருப்படியாக உள்ளே இறங்கவில்லை. நேர்காணலில் முதல் கேள்வி வருவதற்கு முன்பே டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டாளாம். பேராசிரியை லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நாளைக்குக் காலைல நீங்களே ஒண்ணு மாட்டுங்க. முடிவ அப்புறம் சொல்றேன்,” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கைக்கெட்டியதைத் தானே தட்டிவிட்டாளே!

சனிக்கிழமை படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். கூடத்தில் அக்காவும் பேராசிரியையும் மட்டும் இருந்தார்கள். முனை படுகிற இடத்தில் மெல்லிய டேப் ஒட்டி, ஒரே ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். பத்து மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது.

பழைய துண்டுகளில் ஒன்றுகூட நாற்பதாயிரம் இழுப்பைத் தாண்டவில்லை. திரையில் முப்பத்தெட்டாயிரம் வந்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள். வலித்தது, விடச் சொல்லவில்லை. நாற்பதாயிரம். ஐம்பதாயிரம். எண்பதாயிரம். பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். லட்சத்தைத் தாண்டி இரண்டாயிரத்துச் சொச்சத்தில் டக்கென்று ஒரு சத்தம். அக்கா துண்டைக் கழற்றி லென்ஸில் பார்த்தாள். டேப் ஒட்டிய இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. துண்டு நடுவில் உடைந்திருந்தது.

“கட்டுரை போயிருந்தா என் மானம் போயிருக்கும்,” என்றார் பேராசிரியை. “மத்த எட்டையும் திரும்பப் போடணும். ஆனா நீங்க மாட்ட வேண்டாம். வேற டெக்னீஷியன் வருவாரு, அவருக்குச் சொல்லிக் குடுங்க. நீங்க உக்காந்து எழுதுங்க. இடம் உங்களுக்குத்தான்.”

 அக்கா தேதி எழுதி அந்தத் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வராந்தாவுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து, நீளமாக மூச்சு விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறக்காதே என்று சொன்ன வாய் இது. மன்னிப்புக் கேட்கலாமென்று திரும்பினேன்.

“அதெல்லாம் அப்புறம்,” என்றாள். “பசிக்குதுடி.”