ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று பாத்தி

அன்று மாலை எஸ்டேட்டின் முள்கம்பி வாசலில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "இது அவர் சொன்னதில்லை, நான் புத்தகத்தில் படித்தது." பொய்தான். ஆனால் நம்பியிருப்பார்கள். என்னைப் பார்த்தாலே புத்தகமும் கையுமாகத் திரிகிறவள் என்று தெரியும். நான் சொல்லவில்லை.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நான்காவது வருடம் அது. செரம்பானில் ஒரு விவசாய அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த எஸ்டேட் லயங்களைச் சுற்றி வேலி ஏறிக்கொண்டிருந்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே இருந்த கொல்லைகளை எல்லாம் வெட்டி அழிக்க உத்தரவு. அப்படி அழிப்பதற்கு முன்பு, ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஜனங்கள் நட்ட சர்க்கரைவள்ளியில் எத்தனை வகை மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் கொடி வெட்டிவரச் சொன்னார் என் மேலதிகாரி. அழிந்தபின் தேடினால் கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதே வேலையாக மற்ற எஸ்டேட்டுகளுக்குப் போகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நேரமும் செலவும் விடாமல் எழுதுகிறேன். எஸ்டேட்டின் பெயரை எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் குடியிருந்த மம்பாவில் காலை 5.50க்கு பஸ். செரம்பானுக்குப் பத்துக் காசு. அங்கிருந்து 6.40 பஸ்ஸில் மந்தினுக்கு ஒன்பது மைல், நாற்பது காசு. வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். ஐசி என்கிற அடையாள அட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. மந்தின் கடைத்தெருவிலிருந்து எஸ்டேட் நான்கு மைல். பஸ் கிடையாது. எஸ்டேட் லோரி 8 மணிக்கு வரும், காசு வாங்க மாட்டார்கள். ஆனால் எஸ்டேட் கணக்கரான கிராணியிடமிருந்து முன்கூட்டியே கடிதம் வேண்டும்.

லோரி ஓட்டிய சின்னையா அண்ணன் என் பையைப் பார்த்தார். "உள்ள என்ன தங்கச்சி?"

"ரெண்டு பன்னு அண்ணே."

"இங்கயே தின்னுடு. கேட்டுக்குப் போனா அது போலீஸ்காரனுக்குப் பசியாற ஆயிரும்."

ஒன்றைத் தின்றேன். மற்றதை வாசலில் எடுத்துக்கொண்டார்கள்.

லயத்தில் எனக்காகக் காத்திருந்தவர் அங்கம்மா அக்கா, ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரி. வயது முப்பத்தைந்து இருக்கும். அன்று அவருக்கு அரைநாள் வேலை என்று கிராணி சொல்லிவைத்திருந்தார். கிழங்கு விஷயத்தில் லயமே அவரைத்தான் கேட்கும் என்பதும் கிராணி சொன்னதுதான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கெழங்கு பாக்க ஆப்பீஸ் புள்ளைய அனுப்பிருக்கான்லா வெள்ளைக்காரன். அவ்வளவு பஞ்சமா அங்க?" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

லயத்தின் பின்புறம் நான்கு வகை இருந்தது. இலையைப் பார்த்தே பிரித்துவிடலாம். விரல்போல் ஐந்தாகப் பிளந்த இலை உள்ளது "மூணுமாசம்". சீக்கிரம் விளையும், சீக்கிரம் புழுக்கும். வெற்றிலைபோல் முழு இலையும் சிவப்புத் தோலும் உள்ளது "சீவகன்". ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். அதை முதலில் கொண்டுவந்தவன் பெயர் அதுதானாம், ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட சயாமுக்குப் போனவன், திரும்பவில்லை. மஞ்சள் சதை உள்ளது மூன்றாவது. ஊதா நரம்போடிய நான்காவதைப் பன்றிக்குத்தான் போடுவார்களாம், பசி வந்தபோது எல்லாரும் தின்றார்கள்.

பத்து வருடத்துக்குள் ஒரே லயத்தில் இத்தனை. ஆளுக்கு ஒரு ஊரிலிருந்து ஒரு முழக் கொடியைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். நான் படித்திருந்ததை அக்கா தன் வார்த்தையில் சொன்னார்: "கொடிய நட்டா ஆத்தா மாதிரியேதான் வரும். பூத்து வெத விழுந்து மொளச்சா, அது யார் மாதிரின்னு சாமிக்கே தெரியாது."

"விதையிலேருந்து முளைச்சது ஏதாவது இருக்கா அக்கா?"

அவர் குனிந்து களை பிடுங்கத் தொடங்கினார். நான்தான் விடவில்லை, மறுபடியும் கேட்டேன். பெண்கள் உள்ளே போகும்வரை காத்திருந்து, "ஒண்ணு இருக்கு. ஆப்பீஸ்ல சொல்ல மாட்டேல்ல?" என்றார்.

"மாட்டேன்."

பதினொன்றே கால் மணிக்குப் புறப்பட்டோம். மறந்துபோன பால்வாளியை எடுத்துவரப் போவதாக வாசலில் அக்கா சொன்னார். என்னிடம் கடிதம் இருந்தது. ரப்பர் மரங்களுக்கிடையில் முக்கால் மைல், பிறகு முழங்கால் ஆழத்தில் ஓர் ஓடை, அதைத் தாண்டி பிரம்புப் புதர்கள். அதன் நடுவே மூன்று பாத்தி. அழிக்க வேண்டிய கொல்லைகளின் பட்டியலில் அது இல்லை.

அங்கே புதருக்குள் ஒளித்துவைத்திருந்த மண்வெட்டியால் அக்கா தோண்டிக்கொண்டே போனார். என் முழங்கை ஆழத்துக்கும் கீழேதான் கிழங்கு வந்தது. வெள்ளைத் தோல், வெள்ளைச் சதை, இனிப்பே கிடையாது. "புழு எறங்குற ஆழத்துக்குக் கீழ போயிரும் இது. எட்டு மாசம் மண்ணுலயே கெடக்கும், ஒண்ணும் ஆகாது. நானா நடல. தானா மொளச்சது."

"எதுக்கு அக்கா இத்தனை தூரத்துல?"

"அரிசி வராத மாசம் ஒண்ணு வரும் தங்கச்சி. ஜப்பான்காரன் காலத்துல எம் ரெண்டு புள்ளைங்கள இதுதான் பொழைக்க வச்சுது. இனிமே அப்படி வராதுன்னு தொரை எழுதிக் குடுப்பாரா?"

மூன்றாம் பாத்தியின் ஒரு மூலை ஏற்கெனவே தோண்டப்பட்டிருந்தது. பன்றி என்றார். நான் மேலே கேட்கவில்லை. தோண்டியது பன்றியா, காட்டில் இருக்கும் ஆளா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். அலுவலகம் கொடுத்த கட்டங்கள்: வகை, வைத்திருப்பவர், இடம், குணம். அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எம் பேரு எதுக்கு?"

"யார் கொடுத்த கிழங்குன்னு தெரியணுமில்ல?"

"அடிப்பாவி, கெழங்குக்குமா ஐசி?" என்று சிரித்தார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஆபீஸில் சொல்ல மாட்டேன் என்று சொன்னவள், அழகான கையெழுத்தில் நான்கு கட்டங்களையும் நிரப்பினேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது.

மாலை நான்கு மணிக்கு லோரி கிளம்பியது. வாசலில் மலாய்க் காவலர் ஒருவர், நான் வெட்டிய கொடிகளைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கைப் பிரித்து, கொடியைத் தூக்கிப் பிடித்து, "இது சாயூர் லா" என்றார். அவர்கள் வீட்டில் அந்த இலையைக் கீரையாகச் சமைப்பார்கள். கீரை என்றால் உணவு. உணவு வாசலைத் தாண்டக் கூடாது. வெள்ளைக்கார அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். கடிதத்தைப் பார்த்தார், பிறகு நோட்டைக் கேட்டார். தமிழில் இருக்கவும் கிராணியை வரவழைத்தார்.

கிராணி ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். மூணுமாசம், சீவகன், மஞ்சள், ஊதா. ஐந்தாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எனக்கு நேரம் கொடுத்தார் என்று இப்போது நினைக்கிறேன். அதிகாரி விரலை அந்த வரியில் வைக்கவே, படித்தார்: அங்கம்மா, ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று பாத்தி, மண்ணில் எட்டு மாதம் கெடாது.

அதிகாரி என்னிடம் கேட்டார். "எட்டு மாதம். காட்டில் இருப்பவர்களுக்கு மண்ணுக்குள் ஒரு கிடங்கு. இதை அந்தப் பெண்ணே உங்களிடம் சொன்னாளா?"

முதலில் சொன்ன அந்த வாக்கியம் அப்போது என் வாயில் தயாராக இருந்தது. பாத்தியை அது காப்பாற்றியிருக்காது. ஆளைக் காப்பாற்றியிருக்கலாம். காடு தேடி வந்தவள் நான், கண்டுபிடித்தவள் நான், எட்டு மாதம் என்பது என் படிப்பு என்று சொல்லியிருக்கலாம். வேலை போகும் என்று பயந்தேன். அந்த வாசலுக்குள்ளேயே என்னையும் நிறுத்திவிடுவார்கள் என்றும் பயந்தேன். தரையைப் பார்த்தேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நோட்டை வைத்துக்கொண்டு, கொடியைத் திருப்பிக் கொடுத்து, வழியில் ஜாக்கிரதை என்றார்.

மந்தின் கடைத்தெருவில் சின்னையா அண்ணன் லோரியை நிறுத்தினார். நான் இறங்கும்போது, "பன்ன இங்கயே தின்னுடுன்னு சொன்ன எனக்கு, எழுதாதேன்னு சொல்லத் தோணல பாரு" என்றார்.

போகிறவர்களுக்கு: கொடியை ஒரு முழ நீளம் வெட்டுங்கள், இலையை முழுக்கக் கிள்ளிவிடுங்கள், கீரை என்ற பேச்சு எழாது. ஈரச் சாக்கில் மூன்று நாள் தாங்கும். மந்தினில் கடைசி பஸ் 5.15க்கு; அதைத் தவறவிட்டால் ஊரடங்குக்கு முன் செரம்பான் போய்ச் சேர முடியாது. போகவர மொத்தச் செலவு நூறு காசு, ஒரு வெள்ளி. யார் வைத்திருக்கிறார்கள், எங்கே இருக்கிறது என்ற கட்டங்களைக் காலியாக விடுங்கள். மேலதிகாரி கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். ஒரு கிழங்கு எத்தனை மாதம் கெடாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். பயிராக அதைக் காப்பாற்றத் தகுந்ததாக்கும் குணம் எதுவோ, அதே குணம்தான் இந்த வருடங்களில் அதை வைத்திருப்பவரைப் பிடித்துக் கொடுக்கும். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

மறுநாள் காலைப் பிரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது அங்கம்மா அக்காவைக் கூட்டிப் போனார்கள். அன்றே மூன்று பாத்தியையும் தோண்டி, கிழங்கின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பத்து மாதம் தடுப்புக் காவலில் வைத்துவிட்டு அவரையும் இரண்டு பிள்ளைகளையும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். அவர் பிறந்தது அந்த லயத்தில்தான். நாகப்பட்டினத்தில் அவருக்கு யாரும் இல்லை.