குந்த வைத்துப் போட்ட சோறு

எங்கள் பக்கத்தில் ஒரு மகன் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் பெருமை ஒன்று உண்டு. "எங்கம்மாவ குந்த வெச்சி சோறு போடறேன்." அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சோறு போடுங்கள், யார் வேண்டாம் என்றது? குந்த வைக்கச் சொல்லி உங்களிடம் யார் வந்து அழுதார்கள்?

என் அம்மா பழவேற்காட்டில் மீன் விற்றவள். அப்பா போன பிறகு என்னையும் அண்ணனையும் வளர்த்தது அவளுடைய கூடைதான். விடிவதற்குள் ஏரிக்கரைக்குப் போய், ஏலத்தில் மடவையோ இறாலோ எடுத்து, சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக் கூடையை ஏற்றினால், பொன்னேரிச் சாலையோர ஊர்களைச் சுற்றிவிட்டு வெயில் சாய்ந்துதான் வருவாள். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டார், கூடை நாறுகிறதாம். அவர் வீட்டுக் குழம்பில் மட்டும் அந்த மீன் மணக்கும் போலிருக்கிறது! அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை, நடந்தாள். அறுபது தாண்டியும் முதுகு வளையவில்லை, ஒரு மாத்திரை தின்று நான் பார்த்ததில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஊருக்குக் கரண்டு வந்தது, ரேஷனில் எப்போது சர்க்கரை போடுகிறார்கள், எந்தத் தெருவில் அம்மை போட்டிருக்கிறது, தடுப்பூசிக்காரர்கள் எங்கே வந்திருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். மீன் வாங்குகிற வீடுகளில் பேரம் பேசிக்கொண்டே சேதியையும் வாங்கி வருவாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன, நிலம் அளக்கிறார்கள் என்பதை எங்கள் குப்பத்துக்கு முதலில் கொண்டுவந்ததும் அவள்தான். அதைக் கேட்டுத்தான் அண்ணன் அங்கே வேலைக்கு எழுதிப் போட்டான். வேலையும் கிடைத்தது.

வேலை கிடைத்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்குப் பிடித்து, அம்மாவை அழைத்துப்போக அண்ணன் போகியன்று வந்தான். தெருவில் பழம்பாய், துடைப்பமெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அவன் வீட்டுக்குள் போய் அம்மாவின் கூடையை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்க அந்த நெருப்பில் போட்டான். "இனிமே எங்கம்மா தலையில பாரம் ஏறக் கூடாது" என்றான். தெருவே அவனைக் கொண்டாடியது. பெற்றால் இப்படிப் பிள்ளை பெறவேண்டும் என்றார்கள். அம்மா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாட்டுத் துணி உள்ள இருந்திச்சி நைனா" என்று மட்டும் சொன்னாள். அது என் காதில் விழுந்தது, அண்ணன் காதில் விழவில்லை.

கும்மிடிப்பூண்டி வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டான். அண்ணியும் குறை சொல்ல முடியாதவள். அம்மா ஒரு சொம்பைத் தொட்டால் "நீங்க ஏந்திரிக்காதீங்க அத்தே" என்று ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். வேளைக்குச் சாப்பாடு, மதியம் காபி, எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அம்மாவுக்குப் பூர்வ ஜென்மப் புண்ணியம் என்றார்கள்.

ஆடியில் பெரியபாளையம் கோயிலுக்குப் போய்விட்டு அந்த வழியாக அவளைப் பார்க்கப் போனேன். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்துத் தடுமாறினாள். "கரையில இன்னா மீனு வருதுடீ?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டாள், பிறகு மறுபடியும். கிளம்பும்போது, "இன்னிக்கி இன்னா கெழமை?" என்றாள். ஊர்ச் சேதியெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவள் கிழமை கேட்கிறாள்! இப்படியே விட்டால் இன்னொரு ஆடிக்குள் அவள் எழுந்து நடக்கவும் மாட்டாள், என்னை அடையாளம் தெரியவும் தெரியாது என்று பட்டது.

அன்றைக்குக் கிளம்பவில்லை. மறுநாள் அண்ணனை லீவு போடவைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா நன்றாகச் சோதித்துப் பார்த்தார். முன்பு என்ன வேலை செய்தாள் என்று கேட்டார். பிறகு அண்ணனைப் பார்த்து, "பெரிய வியாதி ஒண்ணும் இல்ல. இவங்களை நடக்க விடுங்க, நாலு பேரோட பேச விடுங்க. அதுக்கு மேல என்கிட்ட மருந்து கிடையாது" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன், "நடக்கணும்னா மொட்ட மாடியில நடக்கட்டும்" என்றான்.

"மொட்ட மாடியில யாருகிட்ட பேசும்? காக்காகிட்டயா?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? திருப்பி மீன் கூடை தூக்கச் சொல்றியா? கம்பெனில என்ன இன்னான்னு நெனைப்பாங்க?"

வந்தது பார், உள்ளே இருந்தது வெளியே. அம்மாவின் தலைப் பாரத்தைப் பற்றி அவன் ஒருநாளும் நினைக்கவில்லை. தன் மானம் நோகக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக அவள் கால் போனாலும் சரி, நினைவு போனாலும் சரி. அதற்குப் பெயர் பாசமாம், மரியாதையாம்! ஆஸ்பத்திரி வாசல் என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். அம்மாவின் புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு அன்றே பழவேற்காட்டில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

முதலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தாள். பிறகு கரைக்கு. அங்கே ஏலம் எடுக்கும் பெண்கள் நடுவே உட்கார்ந்து, விலையை ஏற்றுகிறவனைத் திட்ட ஆரம்பித்தாள். வீக்கம் மெல்ல வற்றியது. ஒருநாள் அவளே சின்னக் கூடை ஒன்றை வாங்கி வந்து பக்கத்துத் தெருக்களில் மட்டும் விற்றாள். பழைய நடை முழுதாகத் திரும்பவில்லை, தூரத்து ஊர்களுக்கு அவள் மறுபடி போகவேயில்லை. ஆனால் ஒரு சாயங்காலம், "ரேஷன்ல மண்ணெண்ணெ ஊத்தறான், நீ ஊட்ல குந்திகினுகீற" என்று என்னை விரட்டினாள். வசவு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

அடுத்த போகிக்கு விடியற்காலையிலேயே அண்ணன் வந்தான். கம்பெனி லாரியில் அந்தப் பிரம்பு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். "அங்கதான் வரமாட்டேன்ற, இங்கயாவது இதுல குந்து" என்றான். நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெரு நெருப்புக்குப் போனேன்.

"வுடுடீ, நல்ல நாற்காலி" என்று அம்மா தடுத்தாள். மனம் இளகிவிட்டாளோ என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் அதை என்னிடமிருந்து வாங்கி அண்ணன் கையில் கொடுத்தாள்.

"பத்தரமா எட்த்துனு போ நைனா. நீ ரிட்டேர் ஆனா உன் புள்ள உன்னிய குந்த வெப்பான். அப்ப வோணும்."

சொல்லிவிட்டு, ஏலத்துக்கு நேரமாகிறது என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்தாள். அண்ணன் நாற்காலியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனான். அதன் பிறகு எத்தனையோ தடவை அவன் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அது அதே சுவருக்கு எதிரேதான் கிடக்கும். அண்ணன் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.