வெர்லினின் அவசர விசில்

வெர்லின் டிரீசனை நல்ல நடுவர் என்று நான் சொல்லமாட்டேன். பாதகமில்லாத நடுவர். நெப்ராஸ்காவில் எங்கள் சிற்றூரில் பகலெல்லாம் முடிவெட்டுவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிகளின், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களுக்கு நடுவராகப் போவார். சொந்த ஊர் ஆட்டத்தில் விசில் பிடிப்பதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் ஆட்டத்துக்கு வரவேண்டிய நடுவரின் வண்டி வழியில் நின்றுவிட்டதால், இரு பயிற்சியாளர்களும் சம்மதித்து அவரை இறக்கினார்கள்.

கடைசி நிமிடம். நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் ஆள் ஒருவன் பந்தை அணைத்தவன்போல் வயிற்றைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தான். எதிரணி அவனை அமுக்கியது. பந்தோடு விழுந்தால் ஆட்டம் நிற்கவேண்டும் என்று வெர்லின் ஊதிவிட்டார். ஆனால் பந்து அவனிடம் இல்லை, அந்தப் பாய்ச்சல் ஏமாற்று வேலை. பந்தை வைத்திருந்தவன் மறுபக்கமாக ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தான். தவறாக ஊதினாலும் விசில் விசில்தான் என்பது விதி. ஆறு புள்ளி தரவேண்டிய அந்த டச் டவுன் செல்லாது.

மறுபடி ஆடினார்கள். இம்முறை பந்து வளைந்து பறந்து, தனியே நின்ற எங்கள் அணிப் பையன் கோல்பியின் கைகளுக்குள் வந்து, மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. தோற்றோம்.

மறுநாள் காலை வெர்லினின் கடை நிறைந்திருந்தது. முடிவெட்ட வந்தவர்கள் பாதிப்பேர்தான். நாற்காலியில் தீவனக் கடை லைல்.

“யோவ் வெர்லின், நேத்து மாதிரி கண்ணை மூடிட்டு வேலை பாக்காத. காது போயிடும்.”

“உன் தலையில வெட்ட என்ன இருக்கு? கண்ணை மூடிட்டே முடிச்சிடுவேன்.”

“இருந்தாலும் அந்தக் கோல்பிப் பய... கைக்குள்ள வந்த பந்துய்யா. எங்க வீட்டுப் பூனை பிடிச்சிருக்கும்.”

கத்தரி நின்றது.

“நான் ஊதலைன்னா அவனுக்குப் பந்து எறியற வேலையே இல்ல. தோத்தது என்னால. இனி விசிலைத் தொடமாட்டேன். அவனை விட்டுடு.”

அவர் பயம் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் ஒருவன் பதினேழு வயதில் நழுவவிட்ட பந்து அவன் பேரக்குழந்தைகள் வரைக்கும் கீழே விழுந்துகொண்டே இருக்கும். ஆனாலும் ஒரு பழியை முழுதாக எடுத்துக்கொள்வதிலும் ஒரு பேராசை இருக்கிறது.

வாசலில் கோல்பி நின்றிருந்தான்.

“சார், பந்தை விட்டது நான். அதையும் நீங்க எடுத்துக்கிட்டா எப்படி?”

“சின்னப் பையன் நீ, சும்மா இருடா.”

“நீங்க அந்தக் கோடு போட்ட சட்டையைப் போடலைன்னா நானும் ஆடலை.”

“ரெண்டு பேரும் சீக்கிரம் முடிங்கப்பா,” என்றார் லைல். “பாதித் தலையோட எப்படி வீட்டுக்குப் போறது?”

அடுத்த வெள்ளி பக்கத்து ஊர் ஆட்டத்துக்கு வெர்லினோடு நானும் போனேன். ஆட்கள் குவியலாக விழுந்தார்கள். “ஊதுய்யா!” என்று கூட்டம் கத்தியது. அவர் குனிந்து, பந்தின் தோலைக் கண்ணால் பார்த்த பிறகே ஊதினார்.

ஆட்டம் முடிந்ததும், ஊரில் எங்கள் அணியின் ஆட்டத்தைப் பார்த்திருந்த லைல் போனில் கூப்பிட்டார். “நம்ம கோல்பி ரெண்டு பிடிச்சான், ஒண்ணை விட்டான்.”

“அந்த ஒண்ணுக்கு நான் பொறுப்பில்லன்னு அவன்கிட்ட சொல்லிடு,” என்றார் வெர்லின், விசிலைச் சட்டைப் பையில் போட்டபடி.