அது டெக்தான்

நான் கட்டிக் கொடுத்த சாய்தளத்தை ஆறு வருடமாக ‘டெக்’, அதாவது வீட்டு வாசலில் வெயில் காய உட்காரும் மரத்திண்ணை, என்றுதான் சொல்கிறார் ஒரெஸ்ட். சக்கர நாற்காலி ஏறி இறங்க, பனியிலும் வழுக்காதபடி பார்த்துப் பார்த்துப் போட்டது. அதன் நடுவே இறைச்சி வாட்டும் அடுப்பை நிறுத்திக்கொண்டு, “வெயிலுக்கு உக்கார நல்லாத்தான் இருக்கு டுவெய்ன்” என்கிறார். சரிவில் அடுப்பு உருளாமலிருக்க அடியில் செங்கல் வேறு. தச்சனுக்கு எப்படி இருக்கும்?

ஒரெஸ்ட் ஹ்னாட்டியுக்குக்கு எழுபத்தைந்து வயது. பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் எங்கள் ஊர் கர்லிங் களத்தில் முப்பது குளிர்காலம் அந்தப் பனித்தரையை உறையவைத்துப் போட்டவர். இடது காலைச் சர்க்கரை வாங்கிக்கொண்டது. கதவு தட்டப்பட்டால் நாற்காலியை அடுக்களைக்குள் தள்ளிவிட்டு, சோபாவுக்குத் தாவி, மடியில் கம்பளியைப் போட்டுக்கொள்வார். வெளியே போவதென்றால் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நடப்பார். ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் ஊருக்குத் தெரியும்.

குளியலறையில் பிடித்து எழ நான் அடித்த கம்பிகளில் எப்போதும் நாலு துண்டு தொங்கும். “துண்டு போடுற கம்பிப்பா அது. வேறன்னு உனக்கு யார் சொன்னா?”

அடித்தவனிடமே கேட்கிறார்!

ரசீதையும் அப்படியே எழுதச் சொன்னார். “டெக் ஒண்ணு, துண்டுக் கம்பி ரெண்டு. நொண்டி கிண்டின்னு எதுவும் வேணாம்.” எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மார்ச்சில், நூலகத்தில் வெர்னா எல்லோருக்கும் இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரெஸ்ட்டும் மனைவி ஆக்னெஸும் எனக்கு முன்னால் நின்றார்கள். ரசீதைப் பார்த்த வெர்னா, “சாய்தளம்னா மருத்துவச் செலவுக் கணக்குல வரியில தொள்ளாயிரம் டாலர் குறையும் ஆக்னெஸ். டெக்குக்கு ஒரு காசு கிடையாது” என்றார்.

ஆக்னெஸுக்கு அந்தப் பணம் வேண்டும். முழங்கால் வலியோடு குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தாண்டிக் குளிப்பவர். தொட்டியைப் பெயர்த்துவிட்டுத் தரையோடு குளியலிடம் போட என்னிடம் விலைகூடக் கேட்டிருந்தார்.

“சொல்லுங்களேன்” என்று கணவரின் கையைத் தொட்டார்.

வரிசையில் பழைய கர்லிங் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒரெஸ்ட்டின் காது சிவந்தது. திரும்பி என்னை முறைத்தார். “டெக்தான். கட்டினவனே நிக்கிறான், கேட்டுக்க.”

ஆக்னெஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் “டெக்தான்” என்றேன். உள்ளதை எழுதி வேறு ரசீது கொடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஆக்னெஸ் அந்த ரசீதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு விலை கேட்கவே இல்லை.

போன வாரம் அந்தத் தொட்டியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் காலை போனேன். ஒரெஸ்ட் சக்கர நாற்காலியிலேயே கதவைத் திறந்தார். கம்பளி இல்லை. கால்சட்டையின் ஒரு பக்கம் காலியாகத் தொங்கியது.

“அன்னிக்கு நீயாவது சொல்லியிருக்கலாமேடா.”

“முறைச்சீங்களே.”

“ஆமா, முறைச்சேன்.”

ஆஸ்பத்திரிக்குப் போக என் வேனைப் பின்சந்துக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

“வேன் வேணாம். நாலு தெருதானே, இதுலயே தள்ளிட்டுப் போ. கடைத்தெரு வழியா.”

“மணி பத்து. காபிக் கடை ஜன்னல்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்க.”

“தெரியும்” என்றார். “மெதுவாத் தள்ளு.”