நேற்று விடியற்காலை லாரி அனுப்பவும்

அந்த யோசனை எனக்கு ஆபீஸில் வரவில்லை. உப்பளத்து வரப்பில், ஒரு கையில் செருப்பும் மறு கையில் போனுமாக நின்றபோது வந்தது.

என் அக்காவும் மாமாவும் மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். வாரிய உப்பு வரப்போரம் அம்பாரமாகக் கிடக்கிறது. லாரி முதலில் வந்தால் அது உப்பு. மழை முதலில் வந்தால்... வெறும் தண்ணீர். அதனால் மாமா, லாரிக்காரர் ஏழுமலைக்கு ஓயாமல் ஸ்பீக்கரில் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"தோ வந்துகினே இருக்குதுண்ணே!"

கொஞ்ச நேரம் கழித்து: "வெயில் தாழ வந்துடும்ணே." சாயங்காலம்: "நாளைக்கு விடிகாலைல நிக்கும் பாரு." மறுநாள்: "அம்மாவாச போவட்டும்ணே!"

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் துள்ளிக் குதித்தேன்.

ஏன் என்கிறீர்களா? குயிலாப்பாளையத்து கெஸ்ட் ஹவுஸ்களில் ரூம் புக் செய்ய ஒரு சாட்பாட் எழுதிக்கொண்டிருக்கிறது எங்கள் டீம். மனிதர்கள் தமிழில் எப்படி நேரம் சொன்னாலும் அதற்குப் புரிய வேண்டும். அதைப் பழக்க, தாறுமாறாக நேரம் சொல்லும் மாதிரி வாக்கியங்கள் மூட்டை மூட்டையாக வேண்டும். அவற்றை உற்பத்தி செய்யும் மாட்யூல் என் பொறுப்பு. 'நாளை காலை பத்து மணி'யைத் தாண்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். இதோ, எதிர்முனையில் ஒரு மாட்யூல் உயிரோடு பேசுகிறது!

வீட்டுக்கு ஓடினேன். நாளுக்கு ஒரு பட்டியல், பொழுதுக்கு ஒரு பட்டியல். இரண்டிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றை எடுத்து ஒட்டு — அவ்வளவுதான் கோட். ஓடவிட்டேன். முதல் வாக்கியம் விழுந்தது: 'நாளன்னைக்கு சீரியல் முடிஞ்சதும்.'

பெற்ற தாயைப் போலப் பூரித்துப்போனேன்.

மாமாவிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ஏம்மா, அந்தாள கேட்டு கேட்டு என் தொண்ட வத்திப்போச்சி. உன் கம்ப்யூட்டரையே கேக்க சொல்லேன்?"

"ஆமா, செய்யி," என்றாள் அக்கா. "அவரு ஒளர்றதுக்கு இது ஒளர்றதுதான் சரி."

மாட்யூலை மாமாவின் வாட்ஸ்அப்பில் கோத்துவிட்டேன். மணிக்கு ஒரு மெசேஜ் தானாகப் போகும். நேரத்தை அதுவே பொறுக்கிக்கொள்ளும்.

'புதன்கிழமை லைட் போட்டதும் லாரி அனுப்பவும்.' பதில்: 'ஓகேண்ணே.'

'இன்னைக்கு கடைசி பஸ் போனப்புறம் லாரி அனுப்பவும்.' பதில்: 'ஓகேண்ணே.' கூடவே ஒரு கட்டைவிரல்.

எதைச் சொன்னாலும் ஓகே! இரண்டு மெஷின்கள் ஒன்றையொன்று மதித்துப் பேசிக்கொள்வதை நான் பார்த்ததே இல்லை. ஒரே குறை... லாரி வரவில்லை.

மறுநாள் காலை கடல் பக்கம் கறுத்துவிட்டது. அக்கா தார்ப்பாயை இழுத்தாள். அது அம்பாரத்தில் பாதிக்குத்தான் எட்டியது. "இந்த கோட்டு கீட்டு எல்லாம் அப்பறம் வெச்சிக்கோ. வந்து புடிடீ!"

ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே மாமாவின் போனைப் பார்த்தேன். கடைசியாகப் போன மெசேஜ்: 'நேத்து விடிகாலைல லாரி அனுப்பவும்.'

நாள் பட்டியலில் 'நேத்து', 'முந்தாநாள்' எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன். லாரி கேட்கும்போது அவற்றைத் தவிர்க்கும்படி சொல்ல மறந்துவிட்டேன். போன நாளுக்கு லாரி கேட்டிருக்கிறது என் குழந்தை!

ஏழுமலையின் பதில்? 'ஓகேண்ணே. கரெக்டா வந்துடும்.'

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதே ஹாரன் கேட்டது. லாரி! மேலே மூட்டை பிடிக்கும் ஆட்கள். நிற்பதற்குள் குதித்து ஓடிவந்தார் ஏழுமலை.

"அண்ணே, கோச்சிக்காதண்ணே! கை பாட்டுக்கு ஓகே போட்டுடிச்சி. அப்பறந்தான் படிச்சேன். நேத்து விடிகாலைக்கே கேட்டுக்கிறியே... ஒரு நாள் முழுசா லேட்டாயிடிச்சி!"

மாமா என்னைப் பார்த்தார். நான் தார்ப்பாயைப் பார்த்தேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, இனிமே இப்படி லேட் பண்ணாத," என்றார்.

ஆட்கள் வாரிக் கட்டினார்கள். லாரி ஈசிஆர் ரோட்டில் ஏறியதும் பிடித்துக்கொண்டது மழை. காலியான இடத்தில் அதே தார்ப்பாயைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றோம் மூன்று பேரும். அக்கா சிரித்துச் சிரித்து விக்கினாள்.

யோசித்துப் பாருங்கள். நாளைக்கு என்றால் யார் பதறுகிறார்கள்? அதற்குள்தான் எவ்வளவு இடம்! ஒரு டீ குடிக்கலாம், ஒரு தூக்கம் போடலாம், இன்னொரு ஓகே சொல்லலாம். நேற்றில் அப்படி ஓர் இண்டு இடுக்கும் இல்லை. கேட்ட நொடியிலேயே லேட்.

பிழையைத் திருத்தச் சொன்னார் டீம் லீடர். ஆபீஸ் காப்பியில் திருத்திவிட்டேன். என் காப்பியில்? தொடமாட்டேன்.

ஏனென்றால் அக்கா ஒரு நம்பர் கொடுத்திருக்கிறாள். "டெய்லருக்கும் ஒண்ணு தட்டி வுடுடீ. வளகாப்புக்கு தெக்க குடுத்த ஜாக்கெட்டு. புள்ள இப்ப ஸ்கூலுக்கு போவுது!"

மாட்யூலை ஓட்டினேன். அது பொறுக்கிக் கொடுத்த நேரத்தை இன்று டெய்லருக்கு அனுப்புகிறேன்: 'போன பொங்கலுக்கு முத நாள், வெயில் தாழ.'