செத்தவனுக்கு என்ன அவசரம்

பேய்ப்படங்களுக்கென்று தனியாக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பார்த்த நாள், பார்த்த இடம், எத்தனை தடவை திடுக்கிட்டேன் என்று மூன்று நிரல்கள். பள்ளிக்கூட நாட்களில் மாத்தளையில் பார்த்த ஒரு ஜாம்பிப் படத்துக்கு மூன்றாவது நிரலில் பதினொன்று என்று இருக்கிறது. அந்த எண்ணிக்கையை வேறெந்தப் படமும் எட்டவில்லை.

அதையே இப்போது புதிதாக எடுத்திருக்கிறார்கள். போன ஞாயிறு மத்தியானம் பென்டிரைவில் போட்டுக்கொண்டு உக்குவளைக்கு பஸ் ஏறினேன். பழைய படத்தை என்னோடு பார்த்த கூட்டாளி அங்கேதான் இருக்கிறார்.

அவருக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. கடையை மகன் பார்க்கிறான். "வாப்பா தானா கடைக்கு நடந்து வந்தா முதலாளிக் கதிரைய விட்டுத்தாறேன்" என்று அவன் சொல்லியிருந்தான். வரமாட்டார் என்ற நம்பிக்கையில் சொன்னது.

படம் ஓடியது. பிணங்களும் ஓடின. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றருக்கு நிறுத்திவிட்டதுபோல் அப்படியொரு ஓட்டம். குடலை மட்டும் நன்றாகச் செய்திருந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் நான் திடுக்கிட்டது இரண்டு தடவை. அதில் ஒன்று குக்கர் விசில்.

"செத்தவனுக்கு என்ன அவசரம்? பஸ்ஸா போயிரும்?" என்றேன்.

கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடினாத்தான் மச்சான் பயம். மெதுவா வாறவனுக்கு எவன் பயப்படுவான்? நானும் எட்டு மாசமா அப்படித்தான் நடக்குறேன். பேரப்பிள்ள சிரிக்குது."

"அதுக்கு ஒன்றரை வயசு. அதுக்கு என்ன சினிமா தெரியும்?"

"மகனும்தான் சிரிக்கிறான்."

படத்தை நிறுத்தினேன். இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் பாக்கி இருந்தது. ஓடி வருபவன் ஒரு நொடியில் கடித்துவிடுவான், வேலை முடிந்தது. மெதுவாக வருபவனைத்தான் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விளக்கினேன். பழைய படத்தில் ஒரு பிணம் முழு வயலையும் கடந்து வரும். அந்த ஒரு காட்சிக்கே மூன்று போட்டிருந்தேன்.

அவர் நின்றுபோன டிவியைப் பார்த்தார். "கடை இப்ப தொறந்துதான் இருக்கு" என்றார். பிறகு, "அந்தப் பொல்ல எடு." கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன்.

ஆரோக்கியமானவனுக்கு ஐந்து நிமிட நடை. பிடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் மூன்று அடி பின்னால் போனேன். சலூன் வளைவு வரை பதின்மூன்று நிமிடம். அதற்குப் பிறகு பாதை நேர். கடையிலிருந்து எங்களை முழுதாகப் பார்க்கலாம்.

மகன் பார்த்தான். முதலில் சிரித்தான். "என்ன வாப்பா, எக்சர்சைஸா?" என்று அங்கிருந்தே கேட்டான். வாப்பா வலது காலை வைத்தார், இடது காலை இழுத்தார். மகன் ஒருவருக்கு பைப் வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அளவைப் பிழையாக வெட்டினான். மறுபடி எட்டிப் பார்த்தான். நாங்கள் இரண்டு மின்கம்பம் நெருங்கியிருந்தோம். பாதி எழுந்தான், உட்கார்ந்தான். மேசையைத் துணியால் துடைத்தான். சிரிப்பு எந்தக் கம்பத்தடியில் நின்றது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது என்று எழுதியிருக்கிறேன்.

வளைவிலிருந்து பதினான்கு நிமிடத்தில் கூட்டாளியின் செருப்பு கடைப்படியில் பட்டது. மகன் எழுந்து நின்றான்.

"த்ரீவீல் ஒண்ண புடிச்சிருக்கலாமே, வாப்பா."

"கதிரை."

அந்த ஒரு வார்த்தைதான். உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்து, மூச்சு அடங்கிய பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொன்னது சரி மச்சான். ஓடுறது பிழை."

மகன் மேசைக்கடியில் குனிந்து தன் போன் சார்ஜரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கொப்பியில் புதிய படத்துக்கு ஒன்று என்று எழுதினேன், குக்கரைக் கழித்துவிட்டேன். மீதி முப்பத்தெட்டு நிமிடத்தை இந்த ஞாயிறு பார்ப்போமா என்று கேட்டதற்குக் கூட்டாளி நேரமில்லை என்கிறார். கடையாம்.